கையில் இருந்தது

பேயூ ரூஸ், லூசியானா
12 செப்டம்பர் 1982

அன்புள்ள தங்கை ஆர்தமீஸுக்கு அக்கா செலிமா எழுதுவது. நானும் கோழிகளும் சுகம். உன் மூச்சிரைப்பு குறைந்ததா? போர்ட் ஆர்தர் புகையில் குறையாது என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் கேட்கிறேன்.

முதலில் பிள்ளைகள் விஷயம். இவெட் நர்ஸ் பரீட்சையில் தேறிவிட்டாள். ஜெரால்டு எண்ணெய்த் தளத்தில் பதினாலு பேருக்கு மேலாள். சின்னவள் தீனா எழுத்துக்கூட்டும் போட்டியில் இந்த வட்டாரத்திலேயே இரண்டாவது. முதலில் வந்த பெண்ணுக்கு அப்பா டாக்டர், வீடு நிறையப் புத்தகம். அதைத் தள்ளிப் பார்த்தால் நம்மவள்தான் முதல். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன என் வயிற்றில் முளைத்த பரம்பரை இது.

எல்லாவற்றுக்கும் மேலே, பேரன் லூஸியன் வீட்டுக்கு வந்துவிட்டான். ஏழு வருடத் தண்டனையில் மூன்று முடித்தான். மீதி நாலை வெளியிலேயே கழிக்கலாம் என்று பரோல் கொடுத்துவிட்டார்கள். படகு மோட்டார் திருடியவர்கள் வேறு பேர். இவன் அவர்களுக்குப் படகு ஓட்டியவன். உனக்குத் தெரியாததா?

ஆனால் பையன் பேசுவதில்லை. வேளைக்குச் சாப்பிடுகிறான், சுவரைப் பார்த்து உட்காருகிறான். கதவு திறந்தே இருந்தாலும் யாராவது போகச் சொன்னால்தான் வாசல் தாண்டுகிறான். போன வாரம் சிறகி வாத்துக் கூட்டம் ஒன்று கூரைக்கு மேலே போனது. அப்போது மட்டும் தலையைத் தூக்கினான்.

அவன் இருக்கிற வீட்டில் துப்பாக்கி இருக்கக் கூடாதாம். என் தியோவின் துப்பாக்கியைப் பக்கத்து வீட்டு ஓவீத்திடம் கொடுத்துவிட்டேன். கணவர் போன வருத்தம் அன்றைக்குத்தான் முழுசாக வந்தது.

என் முழங்கால் பரவாயில்லை. உன் பேரக் குழந்தையின் படம் அனுப்பு.

அக்கா
செலிமா

போர்ட் ஆர்தர், டெக்ஸஸ்
3 அக்டோபர் 1982

அன்புள்ள அக்காவுக்கு,

மூச்சு வருகிறது, போகிறது. அதற்கு மேல் கேட்காதே. உன் முழங்காலுக்குக் கற்பூரத் தைலம் தடவு, பெருமை பேசிக்கொண்டே தடவினால் இன்னும் நல்லது.

லூஸியன் வந்தது கேட்டு மெழுகுவர்த்தி ஏற்றினேன். அவன் தலையைத் தூக்கியது வாத்துக்குத்தானே? அப்படியானால் வாத்து இருக்கிற இடத்துக்கே அனுப்பு. ஓவீத் போகும்போது கூடப் போகட்டும், சுட வேண்டாம், பார்த்துக்கொண்டு உட்காரட்டும். ஆனால் அக்கா, யார் வாய்ச் சொல்லையும் நம்பாதே. லைசென்ஸ் ஆபீஸுக்கே எழுதிக் கேள். இன்னொரு முறை அவனை ஏற்றிக்கொண்டு போகிற வண்டியைப் பார்க்க இந்த வயசில் நமக்குத் தெம்பில்லை.

குழந்தை படத்துக்கு அழுகிறது. சிரித்ததும் அனுப்புகிறேன்.

தங்கை
ஆர்தமீஸ்

பேயூ ரூஸ்
10 அக்டோபர் 1982

வேட்டை லைசென்ஸ் ஆபீஸ் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

நீங்களும் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும். நான் செலிமா, தியோவின் விதவை. என் கணவர் நாற்பத்திரண்டு வருடம் உங்களிடம் லைசென்ஸ் வாங்கியவர், ஒரு வருடமும் தவறியதில்லை.

என் பேரன் பரோலில் இருக்கிறான், நல்ல பையன். வேட்டைக்குப் போகிற சிநேகிதரோடு அவன் நாணல் மறைப்பில் சும்மா உட்காரலாமா? அதற்கு லைசென்ஸ் வேண்டுமா? வேண்டுமென்றால் அவனுக்குக் கொடுப்பீர்களா? எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று எனக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள். எங்கள் வீட்டில் பிரெஞ்சுதான் பேசுவோம். இங்கிலீஷ் கொஞ்சம் வாசிப்பேன்.

இப்படிக்கு
செலிமா

பேயூ ரூஸ்
7 நவம்பர் 1982

அன்புள்ள தங்கைக்கு,

நலம். நீ நலமா? ஆபீஸிலிருந்து பதில் வந்துவிட்டது, முத்திரை போட்ட தாளில், 'அம்மையீர்' என்று தொடங்கி. தலைமாட்டில் வைத்திருக்கிறேன்.

வேட்டையாடாமல் கூடப் போகிறவனுக்கு லைசென்ஸ் வேண்டியதில்லையாம். உட்காரலாம், பார்க்கலாம், காபி குடிக்கலாம். வாத்தைக் கூப்பிடும் குழலை ஊதக் கூடாது, விழுந்த பறவையை எடுக்கக் கூடாது. இதில் எதைச் செய்தாலும் அவனும் வேட்டைக்காரன் கணக்கு. கடைசியாக ஒரு வரி, லூஸியன் எந்தத் துப்பாக்கியையும் 'வைத்திருக்க' எக்காலத்திலும் அனுமதியில்லை. அது சரிதானே, அவனிடம் ஏது துப்பாக்கி? தியோவுடையதும் ஓவீத்துக்குப் போய்விட்டதே.

ஓவீத்துக்கு வாசித்துக் காட்டினேன்.

"ஏன் செலிமா, என் நாய் வாத்தைத் தூக்கிட்டு வருதே, அதுக்கு லைசென்ஸ் கேக்கலியா?"

"நாய் பரோல்ல இல்ல."

"அப்ப இவன் நாய விடக் கீழயா? தும்மலாமான்னு கேட்டு எழுது. இவன் தும்மி வாத்து திரும்பிப் பாத்தா அது குழல் ஊதின கணக்கா?"

அடுப்படியில் நின்றிருந்த லூஸியன், "தும்ம மாட்டேன், தாத்தா" என்றான். வந்ததிலிருந்து தானாக அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான். நான் வெங்காயம் நறுக்குவதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

பரோல் அதிகாரியும் தாளைப் பார்த்துச் சம்மதித்துவிட்டார். இருபதாம் தேதி சனிக்கிழமை போகிறார்கள். முழங்கால் குளிருக்குக் கொஞ்சம் பிடிக்கிறது, பெரிதாக ஒன்றுமில்லை.

அக்கா
செலிமா

பேயூ ரூஸ்
28 நவம்பர் 1982

தங்கைக்கு அன்பு முத்தங்கள்.

உன் உடம்பைப் பற்றி அடுத்த கடிதத்தில் விசாரிக்கிறேன், இதில் இடமில்லை. லூஸியன் சிரித்தான்!

காலை முழுக்க இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தானாம். பச்சைத்தலை வாத்து ஒன்று சுடப்பட்டு அவன் மடியிலேயே விழுந்ததாம். அப்போதும் கையை எடுக்காமல், "தாத்தா, உங்க நாயக் கூப்பிடுங்க, எனக்கு லைசென்ஸ் இல்ல" என்று கத்தினானாம். படகுத்துறைக்கு வந்து சேரும்வரை ஓவீத் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நான் கம்போ குழம்போடு துறையில் காத்திருந்தேன். படகிலிருந்து இறங்கியவன் சிறைக்குப் போகுமுன் இருந்த லூஸியன். நடை, தோள், எல்லாம் தியோ.

படம் வைத்திருக்கிறேன், பார். வேட்டை முடிந்து துறையில் நின்று படம் எடுக்காமல் நம் ஊரில் யார் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்? தோளில் கயிற்றில் கட்டிய வாத்துக் கோவை, கையில் தியோ தாத்தாவின் துப்பாக்கி. படத்துக்காக யாரோ ஒரு நிமிடம் கையில் கொடுத்தார்கள், அவ்வளவுதான். தோட்டாவெல்லாம் கழற்றியாகிவிட்டது. துப்பாக்கி இப்போது ஓவீத்துடையது, இவன் எங்கே 'வைத்திருந்தான்'?

படத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் போடு.

அக்கா
செலிமா

போர்ட் ஆர்தர்
8 டிசம்பர் 1982

அக்காவுக்கு,

படம் கிடைத்தது. தியோ அத்தானே எழுந்து வந்து நிற்கிற மாதிரி இருக்கிறது. பார்த்து அழுதேன், பிறகு மறுபடி பார்த்தேன்.

பிறகு பயந்துபோனேன். அக்கா, இங்கிலீஷ்காரர்கள் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் வைத்திருக்கிறார்கள் என்று என் மருமகனைக் கேட்டேன். நம் வீட்டுப் பேச்சில் வைத்திருப்பது என்றால் சொந்தமாக வைத்திருப்பது. அவர்கள் சட்டத்தில் கையில் இருந்தாலே வைத்திருந்ததுதானாம். ஒரு நிமிடமானாலும், அடுத்தவன் பொருளானாலும், தோட்டா இல்லாவிட்டாலும்.

நான் படத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் போடவில்லை, ஜெப புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன். உன்னிடம் இருப்பதையும் யாருக்கும் காட்டாதே. கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

இன்னொன்று. அவன் காலடியில் ஒரு நிழல் விழுந்திருக்கிறது. வெயில் குல்லாய் போட்ட பெண்ணின் நிழல். பழைய மோஸ்தர் குல்லாய், முன்விளிம்பு கோணல்.

முழங்காலைக் கவனி.

ஆர்தமீஸ்

பேயூ ரூஸ்
19 டிசம்பர் 1982

ஆர்தமீஸுக்கு,

உன் கடிதம் பதினோராம் தேதி வந்தது. ஒன்பதாம் தேதியே படம் நம் ஊர்ப் பத்திரிகையில் வந்துவிட்டது. வருடா வருடம் வேட்டைப் படங்கள் போடுவார்களே, அந்தப் பக்கத்தில், மேலே இடது மூலையில், எல்லாவற்றையும்விடப் பெரியதாக. அவர்கள் கைக்கு எப்படிப் போனதோ தெரியவில்லை.

பதிமூன்றாம் தேதி பரோல் ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மரியாதையான ஆட்கள், தொப்பியைக் கழற்றினார்கள். ஒருவர் பத்திரிகையை மேஜைமேல் விரித்து, "இது நீங்களா, தம்பி?" என்று கேட்டார். லூஸியன் படத்தை வெகுநேரம் பார்த்தான். "நான்தான். நல்லா வந்திருக்கு" என்றான். பிறகு தட்டிலிருந்த மீதிச் சோற்றை அவர்கள் நிற்க நிற்கவே சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டு அவர்களோடு போனான்.

ஆபீஸ் தாளைக் காட்டினேன். "இதுலயே எழுதியிருக்கே, அம்மா" என்று அந்தக் கடைசி வரியின் மேல் விரலை வைத்தார்.

கிறிஸ்துமஸுக்கு எதுவும் அனுப்பாதே.

செலிமா

போர்ட் ஆர்தர்
30 ஜனவரி 1983

அன்புள்ள அக்காவுக்கு,

ஆறு வாரமாக உன் எழுத்தைக் காணவில்லை. இரண்டு கடிதம் போட்டேன், கிடைத்தனவா? எனக்கு இங்கே குளிர் பிடித்து ஒரு வாரம் படுக்கை. இப்போது எழுந்துவிட்டேன்.

ஓவீத்தின் பெண் அந்தப் பத்திரிகையை எனக்கு அனுப்பியிருந்தாள். படத்தின் கீழே அச்சடித்திருப்பதை வாசித்தேன். 'பேயூ ரூஸின் அழகன் லூஸியன், வீடு திரும்பி, தாத்தா தியோவின் துப்பாக்கியுடன்.' துப்பாக்கியைப் பார்த்து அது யாருடையது என்று பத்திரிகைக்காரனுக்குத் தெரியுமா? பேயூ ரூஸின் அழகன் என்று அவனை இந்த உலகத்தில் ஒரே ஒருத்திதான் சொல்லுவாள், அவன் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து.

நான் கோபமாக இல்லை. எழுது. விசாரணை என்றைக்கு?

தங்கை
ஆர்தமீஸ்

பேயூ ரூஸ்
27 பிப்ரவரி 1983

ஆர்தமீஸுக்கு,

கடிதங்கள் கிடைத்தன. நலமே.

விசாரணை பதினேழாம் தேதி நடந்தது. மேஜைக்குப் பின்னால் மூன்று பேர், மேஜைமேல் நம் படம், மூலையில் ஒரு நம்பர் ஒட்டி.

வாத்துக் கோவையைத் தோளில் போட்டது தான்தான் என்று ஓவீத் சொன்னார், தோட்டா இல்லை என்றும் சொன்னார். நடுவில் இருந்தவர், "வெறும் துப்பாக்கியா தோட்டா போட்டதாங்கறது எங்களுக்குத் தேவையில்ல ஐயா. கையில இருந்துச்சா?" என்றார். ஓவீத் குனிந்துகொண்டார்.

"உங்க கையில அதை யார் கொடுத்தா? கொடுத்தவங்க இங்க இருந்தா அதையும் கேட்டுக்கறோம்" என்று லூஸியனைக் கேட்டார்கள். "யாரும் கொடுக்கல. நானேதான் எடுத்தேன். ஆசையா இருந்துச்சு" என்றான்.

யாராவது ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று மூன்று முறை கேட்டார்கள். நான் எழுந்திருக்க நினைத்தேன். முழங்கால் பிடித்துக்கொண்டது.

நாலு வருடத்தையும் உள்ளேயே முடிக்க வேண்டும்.

ஜெரால்டுக்குச் சம்பளம் உயர்ந்திருக்கிறது.

செலிமா

போர்ட் ஆர்தர்
10 ஏப்ரல் 1983

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை ஐந்து முறை எழுதிக் கிழித்தேன். ஆகையால் ஒன்றே ஒன்று கேட்டு நிறுத்துகிறேன்.

முழங்கால் எப்படி இருக்கிறது?

தங்கை
ஆர்தமீஸ்

பேயூ ரூஸ்
22 மே 1983

என் ஆர்தமீஸுக்கு,

முழங்காலுக்கு அன்றைக்கு ஒன்றுமில்லை.

துறையில் ஓவீத் துப்பாக்கியை உறையில் போட்டுக் கட்டிவிட்டார். நான்தான், "அவிழுங்க ஓவீத், ஒரே ஒரு படம்" என்றேன். லூஸியன், "வேணாம் பாட்டி, கூடாது" என்றான். "உங்க தாத்தா துப்பாக்கிதானே, கடிச்சிடுமா? பிடி கண்ணு" என்று நானே அவன் கையில் வைத்தேன். கையை நீட்டாமல் நின்றான், ஆர்தமீஸ். அவன் விரல்களை நான் மடக்கிவிட்டேன். கோவையைத் தோளில் ஏற்றச் சொன்னதும் நான்தான். பிறகு பின்னால் போய்ப் படம் எடுத்தேன். நிழல் என்னுடையதுதான். பத்திரிகைக்கு அனுப்பியதும் நான்தான். அழகன் என்று போடச் சொல்லித் துண்டுச்சீட்டும் வைத்தேன். அவனைத் திருடன் என்று பேசிய ஊர் முழுக்க அதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

விசாரணையில் அவன் திரும்பி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. அவன் சொன்னதால்தான் எழவில்லை என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த மேஜைக்காரர் இங்கிலீஷில் கேட்கக் கேட்க, பள்ளியில் பிரெஞ்சு பேசியதற்காக நம்மை மக்காச்சோளத்தின்மேல் முட்டி போட வைத்தது நினைவு வந்தது. அதுவும் சாக்குத்தான். எல்லார் முன்னாலும், பேரனைக் கெடுத்த கிழவி என்று நிற்க வெட்கமாக இருந்தது.

பிறகு தனியாகப் போய் அந்த மூன்று பேரில் ஒருவரிடம் சொன்னேன். போன வாரம்தான் போனேன். பொறுமையாகக் கேட்டார். "நீங்க குடுத்தீங்கன்னு எழுதிக்கறேன், அம்மா. அன்னைக்கே சொல்லியிருந்தா நாங்க அதை எடைபோட்டுப் பாத்திருப்போம். இப்ப தீர்ப்பு ஆயிடுச்சு" என்றார்.

லூஸியனைப் பார்க்க இரண்டு முறை போனோம். பார்க்க வருகிறவர்கள் பட்டியலில் அவன் யார் பெயரும் கொடுக்கவில்லையாம். வாசலிலிருந்தே திரும்பினோம். கடிதங்களுக்கும் பதில் இல்லை.

உன் ஜெப புத்தகத்தில் இருக்கிற படத்தை எரித்துவிடு. என்னுடையதை அடுப்பில் போட்டுவிட்டேன்.

உன் மூச்சு எப்படி இருக்கிறது?

அக்கா
செலிமா

பேயூ ரூஸ்
14 ஆகஸ்ட் 1983

என் கண்ணு லூஸியனுக்குப் பாட்டி எழுதுவது.

உடம்பு எப்படி இருக்கிறது? அங்கே வெயில் கொடுமை என்கிறார்கள். தண்ணீர் நிறையக் குடி.

இது ஒன்பதாவது கடிதம். முந்தினவை வந்து சேர்ந்தனவா என்று தெரியாததால் சேதிகளை மறுபடி சொல்கிறேன். இவெட்டுக்கு இரவு வேலை போய்ப் பகல் வேலை கிடைத்துவிட்டது. ஜெரால்டு வண்டி வாங்கிவிட்டான். தீனா இந்த வருடம் போட்டியில் சேரவில்லை. மேடையில் நிற்கப் பிடிக்கவில்லை என்கிறாள், நான் வற்புறுத்தவில்லை.

ஓவீத் தாத்தா இந்த வருடம் லைசென்ஸ் வாங்கப்போவதில்லையாம். துப்பாக்கியை எங்கேயோ கொடுத்துவிட்டார். எங்கே என்று நான் கேட்கவில்லை. நாய் நன்றாக இருக்கிறது.

நான் செய்ததை எழுதியே எட்டுக் கடிதம் தீர்ந்துவிட்டது. இதில் எழுதவில்லை. நீ வெளியே வரும்போது எனக்கு எழுபத்தாறு. கணக்குப் போட்டுப் பார்த்தேன், போட்டிருக்கக் கூடாது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். வீட்டில் இப்போது உன் படம் என்று இருப்பது கோயிலில் முதல் நன்மை வாங்கியபோது எடுத்தது மட்டும். உனக்கு எட்டு வயது, முன்பல் இல்லை. இன்றைக்கு நீ எப்படி இருக்கிறாய் என்று அதைப் பார்த்தால் எனக்குத் தெரியவில்லை. அங்கே உள்ளேயே படம் எடுக்கிற ஆள் உண்டு என்று கேள்விப்பட்டேன். எழுத வேண்டாம், ஒரு வரிகூட வேண்டாம். படத்தை மட்டும் உறையில் போட்டால் போதும். யாருக்கும் காட்ட மாட்டேன், சட்டத்தில் போட மாட்டேன்.

சிரிக்க வேண்டியதில்லை. கையில் எதுவும் பிடிக்காதே, கண்ணு. இரண்டு கையும் வெறுமையாகத் தெரியும்படி நின்று, புதுப் படம் ஒன்று எடுத்து அனுப்பு.

உன் பாட்டி
செலிமா